படகுக்காரிக்கு உயிர் தைத்த கதை

இந்த ஆண்டில் நான் கவிழ்த்த ராஜ்ஜியங்களுக்குக் கணக்கே இல்லை. சோபாவை விட்டு எழுந்திருக்காமல் கடல்களைத் தாண்டினேன். பிசாசுக் கோட்டை ஒன்றில் மாட்டிக்கொண்டு, பிசாசுகளே வாசல்வரை வந்து வழியனுப்பும் அளவுக்கு அவற்றைப் படுத்தி எடுத்தேன். ஒரு டிராகனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பனிமலை உச்சிக்கும் போனேன். அந்த டிராகன் தலைகுப்புறப் பாய்ந்தபோது என் வலது கால் தானாகவே தரையை ஓங்கி மிதித்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில், வண்டி பழகுகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில், எனக்கென்று வைத்திருந்த இன்னொரு பிரேக்கின்மேல் காலை வைத்தபடியே ஆயுளைக் கழித்தவள் நான். எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள், காலுக்குக் கொடுக்கவில்லை.

மிதித்த மிதியில், கீழே தையல் கடையின் கூரையிலிருந்து சுண்ணாம்பு பெயர்ந்து, அளவு கொடுத்துக்கொண்டிருந்த ஒருவரின் தலையில் கொட்டியதாம். தையற்காரர் படியேறி வந்து கேட்டது ஒரே கேள்விதான்.

“அக்கா, டிராகனா?”

“டிராகன்தான். இறங்கிடுச்சு.”

“அப்ப சரி. நான் போய் அந்த ஆளைத் தட்டி விடறேன்.”

அவரும் எங்கள் ஆள். இந்தத் தெருவில் மாயாஜாலக் கதைப் பைத்தியங்கள் நாங்கள் நாலு பேர். நான், தையற்காரர், எதிர்ச் சாரியில் பல் பிடுங்கும் டாக்டர் தம்பி, என் மாடிக்கு மேல் மாடியில் இருக்கும் அண்ணி.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர். ஓடும் பட்டையில் வருகிற லட்சம் பிஸ்கட்டில் ஒன்றின் ஓரம் கடுகளவு உடைந்திருந்தாலும் அவர் கை நீண்டு அதை எடுத்து வெளியே எறிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கும் எனக்கும் நடந்த பேச்செல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். “சாப்பிட்டாச்சா?” “ஆச்சு.” அவ்வளவுதான். என்னையும் ஓரம் உடைந்த பிஸ்கட் என்றுதான் அவர் நினைத்திருக்கவேண்டும்.

ஓய்வு பெற்று இங்கே குடிவந்த பிறகு, ஒரு மழை நாளில், என் சோபாவில் கிடந்த மந்திரவாதிக் கதையைக் கையில் எடுத்தார். “இதென்ன கண்றாவி?” என்று புரட்டினார். புரட்டிக்கொண்டே எழுந்து போனார். மறுநாள் காலையில் வந்து நின்று, “அந்த மந்திரவாதி ஒரு முட்டாள்” என்றார்.

“இல்லவே இல்ல” என்றேன் நான்.

அன்று பிடித்த சண்டை. அதைவிட ருசியான ஒன்றை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. காலையில் பல் விளக்கும்போதே இன்றைக்கு அண்ணியை எந்த இடத்தில் மடக்கலாம் என்று யோசிப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

போன வருஷம் அதற்கு ஆபத்து வந்தது. ஒரு கதையில் பேசும் குதிரை ஒன்று செத்துப்போயிற்று. அண்ணிக்கு அந்தக் குதிரைமேல் உயிர். புத்தகத்தை என் மடியில் போட்டுவிட்டு மேலே போனவர்தான், மாசக்கணக்கில் கீழே இறங்கவில்லை. நான் போய்க் கதவைத் தட்டினால் மறுபடியும் “சாப்பிட்டாச்சா?” “ஆச்சு.” என் வீட்டுக்காரர், “வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாரு” என்று பூரித்தார். எனக்கு அந்த அமைதி காதைக் குடைந்தது. தலையால் தண்ணீர் குடித்துத்தான் அண்ணியைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

இந்தப் பின்னணியில்தான் இந்த ஆண்டின் பட்டியலுக்கு வரவேண்டும். வருஷத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை தையல் கடையில் கூடி, அந்த ஆண்டில் படித்ததிலேயே சிறந்த புத்தகத்தைத் தேர்ந்தெடுப்போம். அது அடுத்த வருஷம் முழுக்கக் கடை வாசலில் கோட்டு மாட்டிய பொம்மையின் கையில் நிற்கும். உலகத்தில் இதைவிடப் பெரிய பரிசு இருப்பதாக எனக்குத் தகவல் இல்லை. விதி ஒன்றே ஒன்று: முழுசாகப் படித்தவர்தான் ஓட்டுப் போடலாம்.

போட்டியில் ‘கண்ணாடி மழைக்காலம்’ இருந்தது. வானத்திலிருந்து கண்ணாடிச் சில்லுகள் பொழியும் நாடு, ஆளாளுக்கு இரும்புக் குடை. பிரமாதமான புத்தகம்தான். ஆனால் அந்த நாட்டில் துணியை எங்கே காயப்போடுகிறார்கள் என்று கடைசிவரை ஆசிரியர் சொல்லவில்லை என்பதால் தையற்காரர் அதை மன்னிக்கவில்லை. அடுத்தது ‘வேர்கள் நடக்கும் ஊர்’. மரத்துக்கு மரம் வீடு, பொழுது சாய்ந்தால் மரங்கள் எழுந்து வேறு தெருவுக்கு நடந்துவிடும், பாவம் அந்தத் தபால்காரன். அதில் ஒரு ராட்சசனுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்குகிற காட்சி வருகிறது. டாக்டர் தம்பி அதைப் படித்து எழுந்து நின்று கைதட்டியதாகவும், வாயைத் திறந்தபடி படுத்திருந்த நோயாளியும் சேர்ந்து தட்டியதாகவும் கேள்வி.

மூன்றாவதுதான் ‘எட்டுக் கரை ஆறு’. தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து சுளுக்கும், அவ்வளவு தடிமன். ஒரே பிரதிதான் கிடைத்தது. ஆளுக்கு ஒரு மூன்று மாசம் என்று காத்திருந்தால் கடைசி ஆளுக்குத் தாடி தரையைத் தொட்டுவிடும். என்ன செய்வது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, தையற்காரர் புத்தகத்தை மேசைமேல் கவிழ்த்துப் போட்டு, முதுகில் சாக்பீஸால் மூன்று கோடு போட்டார். கத்தரியை எடுத்தார். டாக்டர் தம்பி கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாலு துண்டு. ஒவ்வொன்றையும் தனியாகத் தைத்து, மிச்சத் துணியில் அட்டை போட்டுக் கொடுத்தார். முதல் துண்டுக்குக் கட்டம் போட்ட சட்டைத் துணி, இரண்டாவதுக்குப் பூப்போட்ட திரைச்சீலை, மூன்றாவதுக்குக் கோடு போட்ட பைஜாமா, நாலாவதுக்குக் கோட்டின் உள்பக்கம் வைக்கிற வழுவழுத் துணி. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, முடித்ததும் சுற்றில் அடுத்த ஆளுக்குக் கொடுக்கவேண்டும். எல்லாரும் எல்லாத்தையும் முடிக்கும்வரை, தான் படித்ததைப் பற்றி வாய் திறக்கக்கூடாது.

அண்ணிக்கு முதல் துண்டு. முறையாக ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எனக்கோ வழுவழுத் துணி. முடிவு எனக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது! யாரென்றே தெரியாத ஆட்கள் யாருக்காகவோ அழுதார்கள், நானும் கூடச் சேர்ந்து அழுதுவிட்டு, பிறகு முதல் துண்டுக்குப் போய் அவர்களோடு அறிமுகம் செய்துகொண்டேன். அழுத பிறகு அறிமுகம் என்பது ஒரு தனி சுகம், ஒருமுறை முயன்று பாருங்கள்.

அந்த ஆற்றில் ஒரு படகுக்காரி உண்டு. கிழவி. கரடுமுரடான வாய். ராஜாவாக இருந்தாலும் பூதமாக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அவள் படகில் ஏறவேண்டும். அண்ணி மூன்றாவது துண்டில் இருந்த சமயம், என் வாசலில் வந்து நின்றார்.

“கதையப் பத்திப் பேசக்கூடாது, தெரியும். நான் பேசல. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். அந்தப் படகுக்காரிக்கு மட்டும் எதாவது ஆச்சு, இனிமே நானும் வேணாம், உங்க கதையும் வேணாம். இந்தத் தடவை ஆளனுப்பினாலும் வரமாட்டேன்.”

“ஏன் அண்ணி, அவளுக்கு என்ன ஆகப் போகுது?” என்றேன், உலகத்திலேயே மிகப்பெரிய உண்மையை விழுங்கிக்கொண்டு. நாலாவது துண்டின் நடுவில் படகுக்காரி செத்துப்போகிறாள். துடுப்பை ராஜாவின் கையில் கொடுத்துவிட்டு ஆற்றில் இறங்குகிறவள் திரும்புவதில்லை.

மறுநிமிஷம் நான் தையல் கடையில் இருந்தேன். சுற்றின்படி நாலாவது துண்டு அப்போது அவரிடம்தான். சட்டைக்குக் கை வைத்துக்கொண்டே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“படிச்சாச்சா?”

“இப்பதாங்கா. தண்ணிக்குள்ள இறங்கிட்டா.” கைக்குட்டையைத் தேடியவர் யாருடைய சட்டைக் கையிலோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அண்ணி இதைப் படிச்சா கதை முடிஞ்சுது. அவங்க வராம போனா உங்களுக்குச் சரியா?”

“ஐயோ, வேணாங்கா. அவங்க வந்து குறை சொல்லலேன்னா எனக்குத் தையலே நேரா வரமாட்டேங்குது.”

“அப்ப கத்தரிய எடுங்க.”

திட்டம் என்னுடையது, ஆகவே மகத்தானது. அதே துண்டின் தொடக்கத்தில், அவள் ஆற்றில் இறங்குவதற்கு முன்னால், ‘படகு காய்கிறது’ என்று ஓர் அத்தியாயம் வருகிறது. படகுக்காரி கரையில் காலை நீட்டி உட்கார்ந்து ராஜாவை வாய் ஓயாமல் திட்டுவதுதான் அத்தியாயம் முழுக்க. அதைப் பிரித்தெடுத்துக் கடைசியில் தைத்துவிட்டால்? நடுவில் சாவாள், கடைசியில் எழுந்து வந்து திட்டுவாள். மாயாஜாலக் கதை, யார் கேட்கப் போகிறார்கள்?

தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது வெட்டின பிறகுதான் எங்கள் மண்டையில் ஏறியது. அந்த அத்தியாயம் தொடங்கும் தாளின் முன்பக்கத்தில் யாரோ ஒரு ஒற்றன் பாதி ரகசியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். முடியும் தாளின் பின்பக்கத்தில் ஓநாய்கள் புறப்பட்டுவிட்டன. துணி வெட்ட மாதிரி வரைகிற பழுப்புத் தாளை ஒட்டி இரண்டையும் மறைத்தோம். ஒற்றன் சொல்லவந்ததைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தான். ஓநாய்கள் கிளம்பாமலே வந்து சேர்ந்தன.

“பக்க எண்ணு இருக்கேக்கா?” என்றார் தையற்காரர்.

எண்கள் தாளின் அடியில் இருந்தன. பேன்ட்டின் கால் நீளத்தைக் குறைப்பதுபோல அடியில் ஒரு விரல் அகலம் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரே இழுப்பில் வெட்டித் தள்ளினார். சில பக்கங்களில் கடைசி வரி எழுத்துகளின் கால் போய்விட்டது. ஊனமான வரிகளோடு துண்டை அண்ணிக்குக் கொடுத்தனுப்பினோம்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் மேலே இருந்து ஒரு சத்தம். “அடப்பாவி!”

சரி, செத்துவிட்டாள். இனிப் பிழைத்துவிடுவாள் என்று நான் காத்திருந்தேன். சாயந்திரம் வரை எதுவும் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் படியில் காலடிச் சத்தமே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருந்தைக் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறோம், நோயாளியோ பாதியிலேயே படுத்துவிட்டார்!

மூச்சிரைக்க மேலே ஓடினேன். அண்ணி கட்டிலில் துவைத்த துணிகளைக் குவித்து வைத்து மடித்துக்கொண்டிருந்தார். வழுவழுத் துணி ஜன்னலோரம் கவிழ்ந்து கிடந்தது.

“சாப்பிட்டாச்சா?” என்றார், திரும்பிப் பார்க்காமல்.

நான் ஜன்னலோரம் போய் நின்றேன்.

“அண்ணி, புத்தகத்த முடிச்சிட்டீங்களா?”

“அவ போய்ட்டா. அதோட முடிஞ்சுது.”

“அதுக்கப்புறமும் பக்கம் இருக்கே.”

“இருக்கட்டும். அவ இல்லாத பக்கத்த வெச்சு நான் என்ன பண்ண?”

“முழுசாப் படிக்காம ஓட்டுப் போட முடியாதே.”

“யார் போடறேன்னா? மத்தவங்ககிட்ட சொல்லிடு, இனிமே என்னைக் கணக்குல சேத்துக்க வேணாம்னு.” ஒரு போர்வையை உதறினார், முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. “நீ முன்னாடியே படிச்சவதானே? நான் வாசல்ல வந்து சொன்னப்ப உனக்குத் தெரியும்தானே? வாய மூடிட்டு நின்ன.”

“சொல்லக்கூடாதுன்னு விதி இருக்கே அண்ணி.”

“இருக்கு. நல்லா இரு.”

இனி வாயால் ஆகாது. புத்தகத்தை எடுத்தேன், நாற்காலியில் உட்கார்ந்தேன், கடைசி அத்தியாயத்தைத் திறந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினேன். ஓடுகிற லாரிக்கு மேலே கேட்கும்படி “இடது! இடது!” என்று கத்திப் பழகிய குரல் இது. தெருவில் போகிறவர்கள் நின்றிருப்பார்கள். அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு மடித்தபடியே இருந்தார். முதல் பத்தியில் ஆறு. இரண்டாவதில் வெயில், படகு. மூன்றாவதில் படகுக்காரி வாயைத் திறந்தாள். “கிரீடத்தை மாட்டிக்கொண்டு வந்தால் தலைக்குள் மூளை முளைத்துவிடுமா? செருப்பைக் கழற்று.”

அண்ணியின் கையில் இருந்த தலையணை உறை அப்படியே நின்றது.

நான் நிறுத்தவில்லை. ராஜாவின் நடை, உடை, மூக்கு எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. பாதி வந்தபோது அண்ணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மூக்கைப் பற்றிய இடத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. படித்து முடித்தேன்.

“உயிரோட இருக்கா” என்றார் அண்ணி.

“ஆமா அண்ணி.”

“எப்படி வந்தா?”

“மாயாஜாலம்.”

“கொடு இங்க.”

கொடுத்தேன். வாங்கியவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. கையில் வைத்து எடை பார்த்தார். எழுந்துபோய், தான் படித்து முடித்து எனக்குக் கொடுப்பதற்காக வைத்திருந்த பைஜாமாத் துண்டின் பக்கத்தில் அதை நிறுத்தினார். குனிந்து, ஒரு கண்ணை மூடி, விளிம்பைப் பார்த்தார். எத்தனை லட்சம் பிஸ்கட் அந்தக் கண்ணைத் தாண்டமுடியாமல் செத்திருக்கும்!

“இது ஏன் குட்டையா இருக்கு?”

“தையற்காரர் தண்ணில நனைச்சிருப்பார். சுருங்கியிருக்கும்.”

“புத்தகம் சுருங்குமா?”

“பருத்தித் தாள் அண்ணி.”

அவர் பழுப்புத் தாளின் மூலையை நகத்தால் நெம்பினார். ஓநாய்கள் வெளியே வந்தன. பக்கங்களைப் புரட்டினார், வெறும் விளிம்பைத் தடவினார், மறுபடி புரட்டினார். நான் வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தேன். எதுவும் நிற்பதாகக் காணோம்.

“வெட்டினது அவர். வெட்டச் சொன்னது?”

“நான்தான்.”

“எதுக்கு?”

ஆயிரம் பதில் வைத்திருந்தேன், ஒவ்வொன்றும் ஒரு யானை அளவு. வெளியே வந்தது வேறு. “போன தடவை குதிரை செத்ததுக்கே நீங்க மாசக்கணக்கா இறங்கி வரல. இவளும் போய்ட்டா... அப்புறம் நான் யாரோட சண்டை போடறது?” என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். ஓரம் உடைந்திருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. எறியப் போகிறாரா வைத்துக்கொள்ளப் போகிறாரா என்று தெரியாமல் நான் பட்டையின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

“செஞ்சதுதான் செஞ்ச” என்றார் கடைசியில். “ஒழுங்கா செஞ்சியா? துடுப்ப ராஜா கையில குடுத்துட்டுத்தானே தண்ணில எறங்கினா? இங்க காலை நீட்டிட்டு உக்காந்திருக்கா, துடுப்பு அவ மடியில இருக்கு. எப்படி வந்துச்சு? நீந்தி வந்துச்சா?”

“அது... ராஜா திருப்பிக் குடுத்திருப்பாரு.”

“எந்தப் பக்கத்துல குடுத்தாரு? காட்டு.”

காட்ட எங்கே போவது?

“நடுவுல நாலு பக்கம் குறையுது” என்றார் அண்ணி. “எழுது.”

“நானா?”

“கொன்னது அந்த ஆசிரியர். பொழைக்க வெச்சது நீ. பொழைக்க வெச்சவதான் எப்படின்னு சொல்லணும். எழுந்திரு, கடைக்குப் போய்த் தாள் வாங்கிட்டு வா.”

பழுப்புத் தாளில் எழுதினேன். நான் எழுதியதில் படகுக்காரி பன்னிரண்டு டிராகன் பூட்டிய தேரில், மின்னலைச் சவுக்காகச் சுழற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த அண்ணி படித்தார். “உடைஞ்சிருக்கு” என்று கசக்கிப் போட்டார். அடுத்ததில் டிராகன்களை ஆறாகக் குறைத்தேன். அதுவும் போயிற்று. ஒற்றை டிராகனுக்காக மட்டும் மன்றாடிப் பார்த்தேன்.

“டிராகன் எதுக்கு? கால் இருக்குல்ல? நடந்து வரட்டும். ஈரப் பாவாடையோட, ஆத்து அடிமண்ணுல நடந்து, எட்டாவது கரையில ஏறி, ‘எங்கடா என் துடுப்பு’ன்னு கேக்கட்டும்.”

ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், என் டிராகன்களைவிட அது நன்றாகத்தான் இருந்தது. அவரிடம் அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைய சண்டை அங்கேயே முடிந்துபோயிருக்கும்.

நாலு பக்கமும் தேறியபோது வருஷமே தேய்ந்துவிட்டது. அண்ணி பக்கத்தில் நிற்க, தையற்காரர் அந்தப் பக்கங்களை நடுவில் வைத்துத் தைத்தார். டாக்டர் தம்பிக்கு விஷயத்தைச் சொல்லி, அந்தத் துண்டைத் திரும்பவும் படிக்கக் கொடுத்தோம். கடைசி ஞாயிறன்று அவர் முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டபடியே வந்து சேர்ந்தார்.

“ஒரு சந்தேகம்” என்றார் அவர். “இது அந்த ஆசிரியரோட புத்தகமா, உங்களோடதா?”

“தையல் என்னுது” என்றார் தையற்காரர் அவசரமாக.

கையைத் தூக்கி ஓட்டு. ‘கண்ணாடி மழைக்கால’த்துக்கு ஒரு கையும் இல்லை. ‘எட்டுக் கரை ஆறு’ என்றதும் நானும் தையற்காரரும் கை தூக்கினோம். அண்ணியின் கை மடியிலேயே இருந்தது. ‘வேர்கள் நடக்கும் ஊர்’ என்றதும் டாக்டர் தம்பி தூக்கினார். பக்கத்தில் அண்ணியின் கையும் எழுந்தது.

“அண்ணி!” நான் நாற்காலியிலிருந்து துள்ளினேன். “என்ன துரோகம் இது? உங்க படகுக்காரி!”

“அதனாலதான். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நாமளே பரிசு குடுத்துக்கறதா? வெக்கமா இல்ல உனக்கு?”

“எனக்கு இல்ல!”

“தெரியுமே.”

இரண்டுக்கு இரண்டு. பொம்மைக்கு நல்லவேளையாக இரண்டு கை இருந்தது. ஒன்றில் நடக்கும் ஊர், இன்னொன்றில் நாலு துணியும் சேர்த்துக் கட்டிய ஆறு. டாக்டர் தம்பி வெற்றிவிழாவாகப் பொம்மையின் பல்லைத் துடைத்துவிட்டுப் போனார்.

நானும் அண்ணியும் படியேறினோம். என் மாடி வந்தது. அண்ணி நிற்கவில்லை, பேசிக்கொண்டே மேலே போனார், நானும் பின்னாலேயே போனேன்.

“மூணாவது பக்கத்த இன்னொரு தடவை எழுதணும். அவ நடந்து வரும்போது ஆறு மேட்டப் பாத்து ஓடுது.”

“மாயாஜால ஆறு அண்ணி. ஓடலாம்.”

“ஓடலாம். ஏன் ஓடுதுன்னு அந்த ஆத்துக்காவது தெரிஞ்சிருக்கணும்.”

“தெரியும்.”

“தெரியாது. நீ எழுதின ஆறு, அதுக்கு ஒண்ணுமே தெரியாது.” சாவியைத் திருகிக் கதவைத் திறந்தார். “உள்ள வா. உக்காந்து பேசுவோம்.”